ஆறேகால் ரயிலும் அறுபத்தொரு சீட்டுகளும்

ஆர்ஜொந்தெய்
14.03.2011

அத்தானுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வழமைபோல வானொலியைப் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக நேயர் வாக்குகளை நீங்கள் எண்ணி, நீங்களே வாசிக்கிற முதற்பத்துப் பாட்டுகள். போன கிழமை நாலாவதாக இருந்த என்னுடைய ‘ஆறேகால் ரயில்’ இந்தக் கிழமை ஐந்தாவது என்றீர்கள். அதற்கு நான் கோபிக்கவில்லை. பாட்டென்றால் ஏறும், இறங்கும். ஆனால் அதற்குப் பிறகு தொண்டையைச் செருமிவிட்டு ஒரு வசனம் சொன்னீர்கள். “ஒரே கையெழுத்தில் எழுதப்பட்ட அறுபத்தொரு வாக்குச்சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன.”

அந்தக் கையெழுத்து என்னுடையது. அது உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு நான் இருபது வருடமாக எழுதிய கடிதங்களை வருட வாரியாகக் கோவைகளில் அடுக்கி வைத்த மனிதர் நீங்கள். அக்கா செத்த பிறகும் அந்தக் கோவைகளை நீங்கள் எறியவில்லை.

நேற்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனேன். முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கவ்போய் அன்ரி, பாட்டுப் பாடினது காணாதெண்டு கள்ள வோட்டும் போடத் தொடங்கீட்டியளோ?” பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் வாங்கிய கத்தரிக்காயைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

அறுபத்திரண்டு வயதில், பொட்டோடு கவ்போய்த் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு சீடி அட்டையில் நின்றவள் நான். அதற்கு வந்த பகிடிகளையெல்லாம் சிரித்துக்கொண்டு வாங்கினேன். கள்ளி என்ற பெயரை வாங்க மாட்டேன். எந்த வானொலியில் சொன்னீர்களோ அதே வானொலியில், அதே குரலில், நான் களவு செய்யவில்லை என்று சொல்லுங்கள்.

தொலைபேசி எடுக்க வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். எழுதும்போது கோபம் வருகிறது. இப்போதைக்கு எனக்கு அதுதான் தேவை.

தில்லைநாயகி


லா சப்பல், பரிஸ்
17.03.2011

அன்புள்ள தில்லைநாயகிக்கு,

உமது 14ஆந் திகதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். பதிலை முதலில் ஒரு தாளில் எழுதி, வெட்டி, பிறகு இதில் எழுதுகிறேன். அப்படியும் சரியாக வருமோ தெரியவில்லை.

முதலில் விதிகளைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஐந்து கடைகளில் வைத்த பெட்டிகளில் நேயர்கள் போடும் சீட்டுகளை வியாழக்கிழமைகளில் நான் எண்ணுகிறேன். நாலாம் விதி: பாட்டின் பெயர், வாக்களிப்பவர் பெயர், ஊர் ஆகிய மூன்றும் தமிழில் எழுதப்பட வேண்டும். ஏழாம் விதி: ஒரே கையால் எழுதப்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டால் அவை யாவும் செல்லா. இரண்டும் நான் எழுதியவை. கொழும்பில் புள்ளிவிபரத் திணைக்களத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவனுக்கு வேறொன்றும் தெரியாது.

சீட்டுகளைக் கண்டதும் உமது கையெழுத்து என்று தெரிந்தது. ழகரத்தின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிறவர் உம்மைத் தவிர வேறு யாருமில்லை. ஒரு நிமிடம் அவற்றைச் சேர்த்து எண்ணிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இன்னொருவருடைய சீட்டுகளாக இருந்தால் அப்படி எண்ணியிருப்பேனா என்று என்னையே கேட்டேன். இல்லை. ஆகவே தள்ளினேன். மச்சாளின் பாட்டு என்று சலுகை காட்டினான் என்ற சொல் வந்துவிடக்கூடாது என்ற பயமும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

உமது பெயரை நான் வானொலியில் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏன் அப்படி எழுதினீர் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. விளக்கம் ஏதும் இருந்தால் எழுதும்.

தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
20.03.2011

அத்தானுக்கு,

பெயரை நீங்கள் வானொலியில் சொல்லவில்லை. சரி. அப்படியென்றால் கத்தரிக்காய்க் கடையில் நின்ற மனிதருக்கு யார் சொன்னது? அதைப் பிறகு பார்ப்போம்.

விளக்கம் கேட்டீர்கள். வாசியுங்கள்.

புதன்கிழமைகளில் நான் கூட்டித் துடைக்கிற மண்டபத்தில், அமெரிக்கக் கவ்போய்ப் பாட்டுகளுக்கு ஆடுகிற ஒரு கன்ட்ரி நடனக் கழகம் கூடுகிறது. தொப்பியும் சப்பாத்தும் போட்ட நாற்பது பெண்கள் வரிசையாக நின்று ஆடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஜெனவியேவ், கிற்றார் அடிப்பாள். அந்த மெட்டுகள் எனக்குப் புதிதில்லை. என் மனிசன் செபஸ்தியாம்பிள்ளை குருநகரில் கலியாண வீடுகளில் வாசித்ததெல்லாம் அந்த மாதிரி மெட்டுகள்தான். அந்தக் காலத்தில் கொழும்பு வானொலியில் கேட்டுக் கேட்டு எங்களூர் ஆட்களுக்கு அவை மனப்பாடம். ஒருநாள் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டே ஜெனவியேவின் மெட்டுக்கு என் வாயில் வந்ததைப் பாடினேன்.

ஆறேகால் ரயிலே, கொஞ்சம் நில்லு நில்லு,
வாளியும் தும்புத்தடியும் ஏறட்டும் நில்லு.

அவள் கிற்றாரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமலே, “இன்னொருக்கால்” என்றாள். பாட்டுப் பிறந்த கதை அவ்வளவுதான்.

இனிச் சீட்டின் கதை. ஆறேகால் ரயிலில் சேன் லாசார் நிலையம் வரைக்கும் என்னோடு துடைப்பு வேலைக்கு வருகிற பெண்கள் முதற்பத்துக்கு வாக்குப் போட ஆசைப்பட்டார்கள். லூர்துமரி புதுச்சேரி ஆள். பேசினால் தமிழ், எழுதினால் பிரெஞ்சு. தர்மிளா இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஜெனவியேவையும் அவளுடைய கழகத்துப் பெண்களையும் விட்டுவிடுங்கள், அவர்கள் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: “தமிழிலைதான் எழுதவேணுமாம், எங்களுக்கு ஆர் எழுதித் தாறது?”

நான் எழுதினேன். ரயிலிலும் மண்டபத்திலும் நின்றுகொண்டு, கைப்பையை மேசையாக வைத்து எழுதினேன். ஒவ்வொருத்தியும் தன் வாயால் சொன்ன பாட்டை எழுதினேன்.

உங்கள் நாலாம் விதி அவர்களை என்னிடம் அனுப்பியது. உங்கள் ஏழாம் விதி என்னைக் கள்ளியாக்கியது. இரண்டையும் எழுதிய மனிதர் என்னிடம் விளக்கம் கேட்கிறார்!

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்தச் சீட்டுகளில் கையெழுத்தைப் பார்த்தீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா?

தில்லைநாயகி


லா சப்பல்
24.03.2011

அன்புள்ள தில்லைநாயகிக்கு,

பார்க்கவில்லை.

தள்ளிய சீட்டுகளையும் ஆறு மாதம் வைத்திருப்பது என் வழக்கம். உமது கடிதம் வந்த அன்றே கட்டை அவிழ்த்து மேசையில் பரப்பினேன். அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு உமது பாட்டுக்கு. பதினேழு, அன்று முதலாவதாக வந்த இளம்பாடகன் கீர்த்தனனின் காதல் பாட்டுக்கு. ஆறு மற்றப் பாட்டுகளுக்கு. களவு செய்கிற ஒருவர் தன் எதிராளிக்குப் பதினேழு வாக்கு எழுதிக் கொடுப்பாரா? இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கவனித்திருக்கும். நான் கவனிக்கவில்லை. கையெழுத்தைக் கண்ட அவசரத்தில், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யாமல் விட்டேன்.

ஒரு சீட்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். பெயர்: தில்லைநாயகி. ஊர்: ஆர்ஜொந்தெய். பாட்டு: கீர்த்தனனுடையது. அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை எழுத வரவில்லை.

திருத்திய கணக்கு இது. உமது பாட்டுக்கு எழுபத்துநாலோடு முப்பத்தெட்டைக் கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டு. கீர்த்தனனுக்கு நூற்றுப் பதினெட்டோடு பதினேழு, நூற்று முப்பத்தைந்து. ஆகவே அன்று உமது பாட்டு ஐந்தாவது அல்ல, இரண்டாவது.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கடைக்குப் போன கதை என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. எண்ணி முடித்த அன்று வானொலிப் பொறுப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம், ‘இது என் மச்சாளின் கையெழுத்து, என்றாலும் தள்ளிவிட்டேன்’ என்று சொன்னேன். என் நேர்மையை ஒருவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அதன் விலையை நீர் கொடுத்தீர்.

நேற்று அவரிடம் போய்த் திருத்தம் வாசிக்க வேண்டும் என்றேன்.

“தவரத்தினம் அண்ணை, ஒருக்கால் திருத்தினால் பிறகு ஒவ்வொரு கிழமையும் திருத்தச் சொல்லி வருவினம்.”

“பிழை விட்டது நான்தானே? நான்தான் சொல்லப்போறன்.”

“பிழை உங்கட. வானொலி என்ர. அதோடை அண்ணை, சப்பாத்துப் போட்டு ஆடுற வெள்ளைக்காரியளின்ர வாக்கையும் சேத்தோ எங்கட முதற்பத்து?”

திருத்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போதுதான் பதில் தோன்றியது. எனக்கு எப்போதும் படியில்தான் தோன்றும்.

உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வானொலியில் சொல்ல என்னால் முடியுமா தெரியவில்லை. கடைகளில் ஒரு சிறு துண்டுப் பிரசுரம் வைத்தால் போதுமா?

தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
27.03.2011

அத்தானுக்கு,

போதாது.

உங்கள் மன்னிப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. எடுத்துக்கொண்டேன். அக்கா இருந்திருந்தால் உங்களுக்குத் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தேநீர் போட்டுத் தந்திருப்பாள். நான் தேநீர் மட்டும் தருவேன்.

ஆனால் அந்த அறுபது பெண்களுக்கு மன்னிப்பு யார் கேட்பது? தங்கள் வாக்குச் செல்லாது என்று தெரிந்த அன்று லூர்துமரி என்ன சொன்னாள் தெரியுமா? “விடுங்கக்கா. நாங்க துடைக்கிற ஆபீஸ்ல நாங்க இருக்கிறதே தெரியாது. இவங்களுக்கும் தெரியலைன்னா என்ன?” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது என்றால் இரண்டாவது என்று சொல்லுங்கள். முதலாவது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அறுபத்தொரு பெயரையும் வாசியுங்கள். பெயரும் ஊரும். அறுபத்தொரு பேர், அறுபத்தொரு வாக்கு. நிராகரித்தபோது எண்ணிக்கையைச் சொன்னீர்கள் அல்லவா? ஏற்றுக்கொள்ளும்போது ஆட்களைச் சொல்லுங்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா மாட்டேன் என்றால் அவரை வாசிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பது நீங்கள்.

பயமாக இருந்தால் பயத்தோடு வாசியுங்கள். நானும் பயத்தோடுதான் தொப்பியைப் போட்டேன்.

தில்லைநாயகி


லா சப்பல்
04.04.2011

அன்புள்ள தில்லைநாயகிக்கு,

நீர் கேட்டிருப்பீர். ஆனால் முழுவதும் கேட்டிருக்க மாட்டீர். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை முதற்பத்தை வாசித்து முடித்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து மற்றத் தாளை எடுத்தேன். அதை மேசையில் வைத்து இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். “மார்ச் 12ஆந் திகதி நான் விட்ட பிழைக்கு நானே பொறுப்பு” என்று தொடங்கினேன். உமது பாட்டின் சரியான இடத்தைச் சொன்னேன். களவு எதுவும் நடக்கவில்லை என்றேன். அறுபத்தொரு பேரின் வாக்கும் நல்ல வாக்கு என்றேன். அதன் பின் பெயர்கள்.

பத்தாவது பெயரில் குரல் சரியாகிவிட்டது. இருபதாவதில் ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிறுத்தும்படி கையைக் காட்டினார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலாவது பெயர் முடிந்ததும் ஒரு நகைக்கடை விளம்பரம் ஒலித்தது. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் செய்தது உமக்குச் சிரிப்பாக இருக்கலாம். செத்துப்போன ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, முப்பத்தைந்து முதல் அறுபத்தொன்று வரைக்கும் வாசித்து முடித்தேன். இடையில் விட்டுவிட்டு எழும்ப என்னால் முடியவில்லை.

“என்ன அண்ணை, ஆருக்கு வாசிக்கிறியள்?” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“உமக்கு” என்றேன். முதல் தடவையாகப் படிக்கு வர முன்னமே பதில் வந்தது.

வாக்குப்பெட்டிப் பூட்டுகளின் திறப்புகளைக் கேட்டார். கொடுத்தேன். ஒன்பது வருடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னது அன்றுதான், அதுவும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் ஜெகதீஸ்வரியின் மரக்கறிக் கடையைத் தாண்டும்போது அவர் வெளியே ஓடி வந்தார். கடை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தாராம். “அண்ணை, மிச்ச இருவத்தேழு பேரையும் நகைக்கடைக்காரன் விழுங்கிப்போட்டானே! தாங்கோ அந்தத் தாளை.” என் கையிலிருந்து வாங்கி, கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார். நாலு மூலைக்கும் ஒட்டுநாடா. நீர் கத்தரிக்காயைத் திருப்பி வைத்த கடை அதுதான் என்று நினைக்கிறேன். அன்று சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்று அவராகவே சொன்னார்.

ஐந்து கடைக்காரர்களில் மூவர் தங்கள் பெட்டியை வானொலிக்குத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட்டு, திறப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஆகவே இனி நான் எண்ணுகிற முதற்பத்து ஜெகதீஸ்வரியின் கண்ணாடியில் சனிக்கிழமைகளில் ஒட்டப்படும். நாலாம் விதியை நீக்கிவிட்டேன். எந்த மொழியிலும் எழுதலாம். ஏழாம் விதியைத் திருத்தினேன். ஒருவர் பலருக்கு எழுதிக் கொடுக்கலாம். எழுதியவர் கீழே தன் பெயரையும் போட வேண்டும்.

எழுபத்துநாலு வயதில் சட்டவிரோதமான ஒரு முதற்பத்தை நடத்துகிறேனோ என்று இடைக்கிடை யோசனை வருகிறது. யோசித்துவிட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
11.04.2011

அன்புள்ள அத்தானுக்கு,

ஆம், ‘அன்புள்ள’ திரும்பி வந்துவிட்டது. கவனித்திருப்பீர்கள்.

சனிக்கிழமை நாங்கள் பதினெட்டுப் பேர் லா சப்பலுக்கு வந்தோம். நீங்கள் எங்களைக் கண்டதும் கடைக்குள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றீர்கள். உங்கள் சப்பாத்து எனக்குத் தெரிந்தது. வெட்கப்படுகிற மனிதரை இழுத்து வெளியே விட வேண்டாம் என்று ஜெகதீஸ்வரியிடம் நான்தான் சொன்னேன்.

லூர்துமரிக்குத் தமிழ் வாசிக்க வராது. அவள் பெயர் எது என்று நான் காட்டினேன். கண்ணாடியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினாள். பிறகு, “இவ்வளவு நீளமா என் பேரு?” என்றாள். ஜெனவியேவ் தன் பெயரை ஐந்து தரம் படமெடுத்தாள். தர்மிளா தன் சீட்டைத் தானே தமிழில் எழுதப் போகிறேன் என்று அடம்பிடித்துப் பாதியில் பிரெஞ்சுக்கு மாறினாள். அந்தச் சீட்டு உங்கள் கையில் வரும். செல்லும் என்று சொல்லிவிட்டேன்.

கீர்த்தனனும் வந்தான். முடியை நிமிர்த்தி வாரியிருந்தான். என்னைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினான்.

“அன்ரி, உங்கட பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எனக்குத்தான் போட்டனான்.”

“நானும் உனக்குத்தானடா போட்டனான். அறுவத்தொண்டிலை ஒண்டு என்ர. இனிப் போடமாட்டன்.”

“ஐயோ அன்ரி, ஒரு வாக்குப் போச்சே!” என்று தலையில் கைவைத்தான். தெரு முழுக்கச் சிரித்தது. கள்ள வோட்டு என்று கேட்ட அந்த மனிதரும் அங்கே நின்றார். அவர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிப் போட்டுவிட்டுப் போனார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கப் போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

வானொலி இரண்டு பெட்டியோடு தன் முதற்பத்தை நடத்துகிறதாம். நாலாம் விதி அங்கே அப்படியே இருக்கிறதாம். நடத்தட்டும்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் ஒரு பாட்டுக்காவது வாக்குப் போட்டிருக்கிறீர்களா?

தில்லைநாயகி


லா சப்பல்
18.04.2011

அன்புள்ள தில்லைநாயகிக்கு,

இல்லை. எண்ணுகிறவன் வாக்களிக்கக்கூடாது. இது எழுதப்படாத விதி, ஆகவே இதை நான் ஒருநாளும் மீறவில்லை.

முதலில் முடிவைச் சொல்கிறேன். நேற்று முன்தினம் ஜெகதீஸ்வரியின் கண்ணாடியில் ஒட்டியது இது. முதலாவது, ஆறேகால் ரயில், நூற்று எழுபத்தொன்று. இரண்டாவது, கீர்த்தனன், நூற்று ஐம்பத்தெட்டு. வியாழக்கிழமை மூன்று தரம் எண்ணினேன். உறவு என்பதால் நாலாவது தரமும் எண்ணத் தொடங்கி, அது எனக்கு நானே செய்யும் அவமானம் என்று பட்டதால் நிறுத்திவிட்டேன். சீட்டுகள் தமிழிலும் பிரெஞ்சிலும், மூன்று சிங்களத்திலும் இருந்தன. ஒன்றில் எழுத்தே இல்லை. ஒரு ரயில் வரைந்திருந்தது, கீழே பெயர் மட்டும். எட்டு வயதுப் பிள்ளையாம். எண்ணினேன்.

நான் இம்முறை மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கவில்லை. தாளை ஒட்டிய பிறகு அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒருவர் வந்து, “இது வானொலியின்ர பட்டியல் இல்லையே?” என்று கேட்டார். “இல்லை, இது வாக்குப் போட்டவையின்ர பட்டியல்” என்றேன். நீர் பார்க்கவில்லையே என்று கவலையாக இருந்தது.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். வானொலியின் முதற்பத்தை இப்போது நான் எண்ணுவதில்லை. ஆகவே அங்கே வாக்களிக்க எனக்குத் தடையில்லை என்று செவ்வாய்க்கிழமை எனக்குப் பட்டது. அவர்களிடம் மிஞ்சியிருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றிற்குப் போனேன். ஒரு சீட்டை எடுத்தேன். ‘ஆறேகால் ரயில்’ என்பதைப் பிரெஞ்சில் எழுதினேன். என் பெயரையும் ஊரையும் பிரெஞ்சில் எழுதினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, “ஐயா, இது செல்லாதே, தமிழிலை எல்லோ எழுதவேணும்?” என்றார். “தெரியும் தம்பி. அந்த விதியை எழுதினது நான்தான்” என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் போட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெகதீஸ்வரியின் கடையில் நின்று வானொலியைக் கேட்டேன். இப்போது ஸ்ரீஸ்கந்தராசாவே வாசிக்கிறார். உமது பாட்டு அவர்களுடைய பட்டியலில் ஏழாவது. வாசித்து முடித்ததும் என்னைப் போலவே தொண்டையைச் செருமினார்.

“நாலாம் விதிக்கு மாறாக எழுதப்பட்ட ஒரு வாக்குச்சீட்டு நிராகரிக்கப்பட்டது” என்றார்.

கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன், அந்த ஒன்று என்னுடையது என்று.

புதன்கிழமை தேநீர் குடிக்க வருகிறேன். மண்டபத்தில் நடனம் முடிகிற நேரத்தை எழுதும்.

தவரத்தினம்